கொல்லையில் காயும் எண்ணெய்

தை பிறந்துவிட்டால் எங்கள் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் அடுப்பு சமையலறைக்குள் அடங்கிக் கிடக்காது. பொங்கல் பானை வாசலுக்கு வரும். மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் கரிநாள். ஊரிலிருந்து வந்த பெண், மாப்பிள்ளை, பேரன் பேத்தி எல்லோருக்குமாகக் கொல்லையில் செங்கல் கூட்டி, பெரிய சட்டியை ஏற்றிவிடுவோம். கறி, மீன், வடை என்று பொரித்த மணியமாகவே இருக்கும். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா பார்த்து, சிறுவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டிக்கு ஓய்வு கிடையாது.

ஆகவே வெட்டவெளியில் எண்ணெய் காய்ச்சுவது நமக்குப் புதிதல்ல, சகோதரிகளே. ஆனால் ஒரு முழு வான்கோழியை அப்படியே எண்ணெயில் இறக்குவது புதுசுதான்! என் அக்கா மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலையாயிருக்கிறான். கடலூர் முதுநகரில் அக்கா வீட்டில் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, “சித்தி, நம்ம கொல்லையில முழு வான்கோழி பொரிக்கலாமா?” என்று ஆரம்பித்தான். சிதம்பரத்திலிருந்து நான் போனதே அக்காவுக்கு ஒத்தாசைக்குத்தான். மேற்பார்வை என் தலையில் விழுந்தது.

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை, குடும்பம் முழுவதும் கூடி நன்றி சொல்லும் பண்டிகை. அன்றைக்கு வான்கோழிதான் விருந்து. பெரும்பாலும் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுடுவார்கள். லூசியானா பக்கத்தில் மட்டும் வெளியே காஸ் அடுப்பு வைத்து எண்ணெயில் பொரிப்பது வழக்கமாம். பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வான்கோழியின் பூர்வீகமே அமெரிக்காதான். 1612-ல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பாதுஷாவிடம் ஒன்று வந்தபோது, இப்படியும் ஒரு பறவையா என்று வியந்து, மன்சூர் என்ற ஓவியரைக் கொண்டு படம் வரையச் செய்தார். இப்போது நம் தமிழ்நாட்டிலேயே வளர்க்கிறார்கள். நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ‘நந்தனம் வான்கோழி-1’ என்று ஒரு ரகமே கொடுத்திருக்கிறது.

“அங்கே இதனாலே வீடு பத்திக்கிறதாமேடா?” என்று கேட்டேன். “ஆமா சித்தி, வருஷா வருஷம் நடக்குது” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்டுத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், வான்கோழியை முழுக்கிப் பொரிக்கிற காஸ் அடுப்புகளே வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி வருகிறது. காரணங்களைக் கேட்டால் நம் வடைச் சட்டிக்கும் அவை அப்படியே பொருந்தும்.

முதல் காரணம் தண்ணீர். எண்ணெய் 175 டிகிரி சூட்டில் இருக்கிறது. தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். ஒரு கரண்டித் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போனால், அது அத்தனை எண்ணெயையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். உறைந்த வான்கோழியின் வயிற்றுக்குள் ஐஸ் கட்டி ஒளிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது காரணம் பாத்திரத்தில் இடம் இல்லாதது. விளிம்புவரை எண்ணெய் ஊற்றிவிட்டுப் பறவையை இறக்கினால் எண்ணெய் வழிந்து நேரே நெருப்பில் விழும்.

இந்த இரண்டுக்கும் வழி செய்தால் பொரிக்கலாம், இல்லாவிட்டால் வெட்டிக் குழம்பு வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். ஒப்புக்கொண்டான். நாங்கள் செய்த முறை இது:

ஐந்து கிலோவுக்கு மேற்படாத, அன்றைக்கு அறுத்துச் சுத்தம் செய்த பறவையாக வாங்கினோம். ஐஸ் தொல்லை இல்லை. உறைந்ததுதான் கிடைக்கிறது என்றால், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்து இளக விடுங்கள். ஐந்து கிலோவுக்கு முழுசாக மூன்று நாள் வேண்டும்.

அடுப்புப் பற்றவைக்கும் முன்பே அளவு பார்த்தோம். வாடகைக்கு எடுத்த உயரமான அண்டாவில் பறவையை வைத்து, அது முழுகுகிற அளவு தண்ணீர் ஊற்றினோம். பறவையை வெளியே எடுத்ததும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுதான் எண்ணெயின் மட்டம். பறவை உள்ளே இருக்கும்போது விளிம்புக்கு நாலு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் பாத்திரத்தை மாற்றுங்கள். பிறகு அண்டாவை ஈரமில்லாமல் துடைத்து வெயிலில் கவிழ்த்தோம்.

பறவையையும் உள்ளும் புறமும் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தோம். உப்பு, மிளகுத் தூள், மஞ்சள் தூள் மட்டும் தடவி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தோம். என் மாமியார் கைப்பக்குவப்படி தயிரில் ஊற வைக்க ஆசைதான். ஆனால் தயிர் என்றாலே தண்ணீர்தானே! வயிற்றுக்குள் மசாலாவோ முட்டையோ அடைக்கவும் கூடாது. பொரிக்கும் முன் மறுபடி ஒரு முறை துடைத்தோம்.

எண்ணெய் சுமார் 12 லிட்டர் பிடித்தது. அமெரிக்காவிலும் இதற்குக் கடலை எண்ணெயைத்தான் விரும்புகிறார்கள் என்று கேட்டு அக்காவுக்கு ஏகப் பெருமை. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து மல்லாட்டை என்றால் சும்மாவா! ஆனால் செக்கெண்ணெய் இதற்கு உதவாது. வாசனை நன்றாயிருக்கும், சீக்கிரம் புகைந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய்தான் சூடு தாங்கும்.

அடுப்பை வீட்டுச் சுவரிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் தள்ளி, சமதரையில் மண்ணில் வைத்தோம். கடற்காற்று வீசுகிற ஊர் ஆகையால் காற்று ஓய்ந்த நேரம் பார்த்தோம். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், காய்கிற துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்தில் கிளம்பிய தீ, கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. பிள்ளை பெற்ற எவளுக்கும் அது மறக்காது.

எண்ணெய் 175 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கொக்கி மாட்டிய நீளக் கம்பியில் பறவையைக் கோத்து, இரண்டு ஆண்கள் இரு பக்கமும் பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். கொதிப்பு அடங்கிய பிறகே மறுபடி பற்றவைத்தோம். கிலோவுக்கு ஏழெட்டு நிமிஷக் கணக்கில் 40 நிமிஷம் ஆயிற்று. தொடையின் கனத்த இடத்தில் சூடுமானியைக் குத்தி, 74 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு காரியத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய்ப் பாத்திரத்தின் முன் நிற்பவருக்கு வேறு வேலையே கிடையாது! நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். சட்டியின் முன் நிற்பவள் இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். ஒரு கண் உலையில். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். நைலக்ஸ் புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிறது. அன்றைக்கு அக்கா மகனையே கடைசிவரை அண்டாவைவிட்டு நகரக் கூடாது என்று நிறுத்தினேன், காலில் செருப்பும் உடம்பில் பருத்திச் சட்டையுமாக. குழந்தைகள் வராமலிருக்கச் சுற்றிலும் கோலமாவால் பெரிய வட்டம் போட்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர்ப்படி பெண்ணைத் தனியாக உட்கார்த்தினோம்.

அண்டாவை மூடுகிற தாம்பாளத்தையும் ஒரு வாளி உலர்ந்த மணலையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம். எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே அடுப்பை அணைத்துவிடுங்கள். தீப்பிடித்தால் காஸை நிறுத்தித் தாம்பாளத்தால் மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கை மீறினால் எல்லோரும் விலகி, 101-க்குச் சொல்லிவிடுங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதையும் அப்ப வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைக்கோ, முகத்திலோ, பெரிய இடமாகவோ பட்டிருந்தால் உடனே 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

ருசி எப்படி என்று கேட்பீர்கள். தோல் அப்பளமாய் நொறுங்கியது; உள்ளே சதை காயாமல் மெத்தென்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒரு வேளைக்கு 12 லிட்டர் எண்ணெய் என்பது நம் போன்ற குடும்பங்களுக்குக் கட்டுமா? துண்டு போட்டு, அரை வேக்காடு வேக வைத்து, ஈரம் ஒற்றியெடுத்து, சின்னச் சட்டியில் பொரித்தால் இரண்டு லிட்டரில் முடியும். முழுசாகத்தான் வேண்டுமென்றால் சொந்தக்காரர் நாலு குடும்பம் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பொரித்த எண்ணெயை அன்றே நகர்த்த வேண்டாம். தாம்பாளத்தால் மூடி, ராத்திரி முழுக்க ஆற விட்டு, மறுநாள் வடிகட்டுங்கள். கறி வாசனை பிடித்த அந்த எண்ணெயைச் சீக்கிரமே ஒரு தடவை மீன் வறுக்கப் பயன்படுத்தலாம். கறுத்து, நுரைத்து, சிக்கு வாடை வந்த பிறகும் மிச்சம் பிடித்து மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். வருகிற தீபாவளிக்கு அதிரசச் சட்டியை ஏற்றும்போதும் முதலில் மட்டம் பாருங்கள், ஈரம் பாருங்கள். சட்டியின் முன் நிற்பவள் கையிலிருந்து குழந்தையை வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.