மயோனைஸுக்குத் தடை சரி... தள்ளுவண்டி சட்னியில் இருக்கும் கிருமிக்கு?

2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு தடை போட்டது நினைவிருக்கலாம். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள்தான் காரணம் என்றது அரசு.

ஆனா காஞ்சிபுரத்தில் கோயிலுக்கோ, காந்தி ரோட்டில் பட்டுச்சேலை எடுக்கவோ வந்து, பசியோடு தள்ளுவண்டி முன்னாடி நிற்பவருக்கு மயோனைஸ் மட்டுமா பிரச்னை?

எது ஆபத்து?

ஆவி பறக்கும் இட்லியை நம்பிச் சாப்பிடலாம். காஞ்சிபுரம் இட்லியில் சேரும் மிளகும் சுக்கும் ருசிக்கு. கிருமியைக் கொல்வது ஆவிதான். சிக்கல் பக்கத்தில் இருக்கு. காலையில் அரைத்த சட்னி, பானிபூரி தண்ணி, நறுக்கி வைத்த வெங்காயம், ஒரே வாளியில் முக்கி எடுக்கும் தட்டு. 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சூழல் ஒத்துவந்தால் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று, 4 மணி நேரத்தில் 4,096!

மாத்திரை ஏன் வேலை செய்யலை?

வயிற்றுப்போக்கு வந்தா நாம என்ன செய்வோம்? நேரா மெடிக்கலுக்குப் போய் ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுவோம். தினக்கூலிக்குத் தறியில் உட்காருபவருக்கு ஒரு நாள் படுத்தாலும் வருமானம் போச்சு, அவசரம் புரியுது. ஆனா பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. தேவையில்லாமல் போட்டால், மருந்தைத் தாங்கும் கிருமிகள் மட்டும் குடலில் மிஞ்சும். அந்தத் திறனைப் பக்கத்துக் கிருமிக்கும் கடத்தும். கை கழுவாமல் பரிமாறினால் அதே கிருமி அடுத்தவர் தட்டுக்குப் போகும்.

கோழிப் பண்ணைகளும் இதில் சேர்த்தி. கடைசி ஆயுதமான கொலிஸ்டினைப் பண்ணைகளில் பயன்படுத்த மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது அதனால்தான். டைஃபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின், இன்று இந்தியாவில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் உலகம் முழுக்க நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது லான்செட் இதழின் மதிப்பீடு.

என்ன செய்யலாம்?

முதலில் ஓ.ஆர்.எஸ். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் உடனே டாக்டர். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.

வண்டிக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. குழாய் இல்லாத இடத்தில் அவருக்கு வாளிதான் கதி. விற்பனை மண்டலங்களில் செய்து தரும் வசதிகளுக்கு வியாபாரிகளிடம் பராமரிப்புக் கட்டணம் வாங்க, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் வழி சொல்கிறது. கட்டணம் கேட்கும் முன், அங்கே ஒரு குழாய் இருக்கிறதா என்று மாநகராட்சியைக் கேட்கணும்.