ஏழு மணி நேர ஹெல்சிங்கி

விமானம் மாறுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தை வீணாய்ப்போன நேரமாகக் கருதுவது நம்மவரின் பழக்கம். ஒரு கதிரையைப் பிடித்து, கைப்பையைத் தலைக்கு வைத்து, கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற இடம் தேடி, கோப்பியின் விலையைக் குறைகூறியபடி அந்நேரத்தைக் கழித்துவிடுகிறோம். பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெற்றோரிடம் வழியில் எந்த ஊர் என்று கேட்டால், "ஏதோ ஒரு எயார்போட்" என்பதே பெரும்பாலும் பதில். ஒரு நாட்டின் வாசற்படியில் ஏழெட்டு மணி நேரம் இருந்துவிட்டு, அந்நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமல் திரும்புவதை நான் இழப்பென்றே கருதுகிறேன். இவ்விழப்பைத் தவிர்க்க மிகவும் வசதியான நகரங்களுள் ஒன்று பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி.

முதலில், வெளியே போகக்கூடியவர் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய காலம் தங்குவதற்கு விசா பெறத் தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் செங்கன் விசா இன்றி வெளியே கால்வைக்க முடியாது. அது மட்டுமன்று. வெளியே வராமல் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் தனி விசா கேட்கப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இடம்பெற்றுள்ளது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசா உள்ளவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஒரே குடும்பத்தில் ஒன்றாகப் பயணம் செய்யும்போது, கனடியக் கடவுச்சீட்டுடன் மகன் நகரம் பார்க்கப் போகலாம். அவனைப் பெற்ற தாய் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் இருந்து அவனுடைய பையைக் காவல் காக்க வேண்டும். விமானம் மாற வருபவரையெல்லாம் ஒளிந்துகொள்ள வருபவராகப் பார்க்கும் இவ்விதியை ஐரோப்பா மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பது என் கருத்து.

வெளியேறும் உரிமை உள்ளவர்களுக்கு இனிக் கணக்குத்தான் முக்கியம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் உள்ளேயே இருப்பது உத்தமம். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையின்படி, ஐரோப்பியர் அல்லாதோரின் கைவிரல் அடையாளமும் முகப்படமும் எல்லையில் எடுக்கப்படுவதால் வரிசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2015 இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை விமான நிலையத்தின் அடியிலிருந்தே சுமார் அரை மணி நேரத்தில் நகரின் நடுவே இறக்கிவிடுகிறது. திரும்பி வந்து விமானம் ஏற இரண்டு மணி நேரம் வேண்டும். ஏழு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம் கூட இல்லை. ஜூனிலோ ஏறக்குறைய 19 மணி நேரம். உடுப்பையும் நேரத்தையும் அதற்கேற்பத் தீர்மானியுங்கள்.

மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஓடுபவர் எதையும் பார்ப்பதில்லை. நான் இரண்டு இடங்களையே சொல்வேன். ஒன்று, துறைமுகச் சந்தை. செனற் சதுக்கத்தையும், 1852 இல் கட்டிமுடிக்கப்பட்ட வெண்ணிறத் தேவாலயத்தையும் கடந்து அங்கே நடந்தே போகலாம். அங்கிருந்து கால் மணி நேரப் படகுப் பயணத்தில் 'சுவோமென்லின்னா' என்ற தீவுக் கோட்டை இருக்கிறது. சுவீடன் ஆட்சியில் 1748 இல் கட்டத் தொடங்கி, 1808 இல் ரஷ்யரிடம் சரணடைந்த கோட்டை அது. 1918 உள்நாட்டுப் போரின் பின் தோற்றவர்களை அடைத்த சிறை முகாமும் அங்கேதான் இருந்தது. அமைதிக்குப் பெயர்பெற்ற நாடுகளும் அமைதியாகவே பிறந்துவிடவில்லை என்பதை அந்தக் கற்கள் சொல்லும்.

நேரம் குறைவாயின் படகை விட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்குப் போங்கள். புகையிரத நிலையத்துக்கு அருகிலேயே, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே நிற்கிறது 'ஊடி' நூலகம். சுதந்திரத்தின் நூற்றாண்டுப் பரிசாக மக்களுக்கு அளிக்கப்பட்டு 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. அனுமதிச்சீட்டு இல்லை, நீங்கள் யார் என்று கேட்பாரும் இல்லை. புத்தகங்களோடு தையல் இயந்திரங்களும் இருக்கின்றன. ஒரு நாடு தன் நாடாளுமன்றத்தின் முன்னே நூலகத்தை எழுப்பியிருக்கும் காட்சி, 1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட எங்கள் தலைமுறைக்குச் சாதாரணக் காட்சியன்று.

ஆனால் ஹெல்சிங்கியில் நான் அதிகம் நின்று பார்த்தவை தெருப்பெயர்ப் பலகைகளே. ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள்: மேலே பின்னிஷ், கீழே சுவீடிஷ். சுவீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்து சதவீதத்தினரே. ஆயினும் 1919 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே இரண்டையும் தேசிய மொழிகளாக ஏற்றுக்கொண்டது. ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் 3000 பேரோ அல்லது எட்டு சதவீதமோ இருந்தால் அது இருமொழி ஊராட்சி ஆகிவிடும். சுவீடிஷ் பேசுவோர் அதிகமாக உள்ள ஊர்களில் சுவீடிஷ் பெயரே மேலே வரும். அவர்களின் தேசிய கீதம் முதலில் எழுதப்பட்டதும் சுவீடிஷில்தான். அதனால் பின்லாந்து பிளவுபட்டுவிடவில்லை.

அங்கே பிணக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாடசாலைகளில் சுவீடிஷ் கட்டாயம் என்பதை எதிர்ப்போர் இருக்கிறார்கள். வடக்கே வாழும் சாமி மக்களின் மொழிகளுக்கு நீண்ட காலம் நீதி கிட்டவில்லை. ஆனால் தமக்குள் உள்ள பிணக்கை அவர்கள் சட்டத்தாலும் எண்ணிக்கையாலும் தீர்க்க முயன்றார்கள். நாமோ 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கண்டோம். தமிழும் அரசகரும மொழியாகும் என்ற வரிக்காக 1987 வரை காத்திருந்தோம். அவ்வரி வந்த பின்னும், அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துப்பிழைகளோடுதான் நிற்கிறது. 2016 சுதந்திர தினத்தில் பாடப்பட்ட தமிழ்த் தேசிய கீதம் 2020 இல் கைவிடப்பட்டது. தாய்மொழி தமிழ் என்போர் இலங்கையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் என்பதையும் நினைவில் வைத்து இந்த ஒப்பீட்டைப் பாருங்கள்.

2022 இல் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்ட பின், ஆசியாவுக்குக் குறுகிய வழி என்ற பெருமையை ஹெல்சிங்கி இழந்துவிட்டது. ஆயினும் அவ்வழியே போகும் நம்மவர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கடவுச்சீட்டு இடம்கொடுத்தால் கதிரையை விட்டு எழும்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து சதவீதத்தினரின் மொழி பிழையின்றி எழுதப்பட்டிருக்கும் ஒரு பலகையின் கீழே அவர்களை நிறுத்தி, அதில் உள்ள இரண்டு பெயர்களையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஏன் இரண்டு என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல அந்த மூன்று மணி நேரம் போதும்.