கடன் கட்டக் குழு உண்டு, கூலி கேட்க யார் உண்டு?

பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "சொந்தக் காலில் நில்." அம்மா சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், மகளிர் தினத்துக்குக் கல்லூரிக்கு வரும் சிறப்பு விருந்தினர் தவறாமல் சொல்கிறார். சொல்வது சரிதான். பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் இன்னொருவரிடம் கையேந்தி நிற்கிறவளால் 'முடியாது' என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் இந்த அறிவுரைக்குள் எப்போதும் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். ஒருத்தி, அவள் சம்பளம், அவள் வங்கிக் கணக்கு. அவள் பக்கத்தில் யாரும் கிடையாது.

இப்போது இதற்கு ஒரு வாய்ப்பாடும் வந்துவிட்டது. ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்து முதலீடு செய்துவிட்டால் அதன்பின் யாரிடமும் வேலை செய்யத் தேவையில்லை என்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்த இந்தக் கணக்கை நம் ஊர் நிதி ஆலோசகர்களும் ஒப்பிக்கிறார்கள். அந்தத் தொகையை எட்டியவர்கள் பிறகு கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "சரி, இனி யாரோடு? எதற்காக?" தொகையிடம் அதற்குப் பதில் இல்லை. முதல் நாளே மனிதர்களைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு கடைசி நாளில் எப்படி மனிதர்களைக் கொண்டுவந்து தரும்?

சேமிக்கவே வழியில்லாத பெண்களின் நிலை என்ன? அதைப் பார்க்க ஆரணிக்குப் போவோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக் கரையில் இருக்கும் ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊரைச் சுற்றி தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று தறி இருக்கும் கிராமங்கள் பல. ஒரு பட்டுச்சேலை தறியில் ஏறுவதற்கு முன்பு நடக்கிற வேலையைப் பாருங்கள். சாயம் ஏறிய பட்டுச் சிட்டத்தைப் பிரித்து இழைக்க வேண்டும். பாவு போட வேண்டும். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தறி ஓட ஆரம்பித்தபின் நாடாவுக்குள் வைக்கத் தார் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்களின் கைவேலை. பல வீடுகளில் தறிக்குழியில் இறங்கி நெய்வதும் அவர்களே. நடுவில் உலை வைத்து, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார வேண்டும்.

சேலை முடிந்ததும் கூலி வரும். ஒரு சேலைக்கு இவ்வளவு, அல்லது ஒரு பாவுக்கு இவ்வளவு. இரண்டு பேர் உழைப்புக்கு ஒரு கூலி. முதலாளியின் நோட்டில் ஒரே பெயர். அது அநேகமாக ஆணின் பெயர். அந்தப் பெண்ணிடம் போய், "என்னம்மா வேல செய்யறீங்க?" என்று கேளுங்கள். "வேலைக்கெல்லாம் போறதில்லீங்க, வூட்லதான் இருக்கேன்" என்பார். சொல்லும்போது கையில் தார் சுற்றிக்கொண்டே இருப்பார்.

2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் 100க்கு 70 பேருக்கும் மேல் பெண்கள். இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி அசாமிலும் மற்ற வடகிழக்கு மாநிலங்களிலும் இருக்கிறது. அங்கே தறியில் உட்காருகிறவள் பெண் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம் பட்டுத் தறிகளில் அவள் 'ஒத்தாசை'. அரசாங்கத்தின் தாளில்கூட 'துணைத் தொழிலாளர்' என்று ஓரிடம் கிடைத்துவிட்டது. முதலாளியின் நோட்டிலும் வீட்டுப் பேச்சிலும் இன்னும் கிடைக்கவில்லை.

"ஒரே குடும்பம்தானே, யார் பெயரில் வந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். குடும்பம் நன்றாக ஓடும்வரை ஒன்றும் இல்லைதான். அவர் குடிக்க ஆரம்பிக்கும்போது, இன்னொரு வீடு தேடிப் போகும்போது, இறந்துபோகும்போது தெரியும் பெயரின் விலை. நோட்டில் பெயர் இல்லாதவளுக்குப் பாக்கிக் கூலியைக் கேட்க வழியில்லை. ஆனால் அவர் வாங்கிய முன்பணத்தைக் கேட்க அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். தறிக்குழி இருக்கும் வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். அறுபது ஆண்டுகள் ஆயின. அதை எந்தப் பெண்ணும் தனியாகச் சேமித்து வாங்கிவிடவில்லை. கூடிப் பேசியவர்கள், மேடை போட்டுக் கேட்டவர்கள், ஏச்சு வாங்கியவர்கள் சேர்ந்து வாங்கியது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கேமராவோடு நெசவுத் தெருவுக்கு வருகிறவர்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, நாலு வீட்டு ஆட்கள் சேர்ந்து அறுந்த இழையைத் தேடிச் சேர்ப்பதைப் படம் எடுத்து, "என்ன ஒற்றுமை, என்ன பாரம்பரியம்" என்று உருகுகிறார்கள். அந்த ஒற்றுமை பொய்யில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் ஓடிவருகிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். ஆனால் அதே தெருதான் எந்த வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினாள், யாரோடு பேசினாள் என்றும் கணக்கு வைத்திருக்கிறது. இவ்வளவு தெரிந்த தெருவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: எதிர்வீட்டு அக்காவுக்கு இழைப்புக் கூலி எவ்வளவு? பக்கத்து வீட்டு அண்ணிக்கு எவ்வளவு? பேச்சு நின்றுவிடும். நடத்தையைப் பற்றிப் பேசத் தெரு உண்டு, கூலியைப் பற்றிப் பேச இல்லை. இந்த மௌனத்தால் பெண்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. லாபம் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"அதான் குழு இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவிய சுய உதவிக் குழுக்கள் செய்தவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டைவிட்டு வெளியே வந்து வட்டமாக உட்கார்ந்து தன் பெயரைச் சத்தமாகச் சொல்லவும், கையெழுத்துப் போடவும், வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்காரவும் எத்தனையோ பெண்களுக்கு அது வழிசெய்தது. முதலில் சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்து கடன் என்பதுதான் அதன் அடிப்படை.

பிறகு வந்த நுண்கடன் கம்பெனிகள் அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டன, சேமிப்பை விட்டுவிட்டன. ஐந்து பேரோ பத்து பேரோ சேர்ந்தால் கடன், அடமானம் வேண்டாம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நகையையும் நிலத்தையும் அடமானம் வைத்த காலம் போய், தோழியை அடமானம் வைக்கும் காலம் வந்தது. தவணை நாளில் ஒருத்தி வரவில்லை என்றால் அவள் வீட்டு வாசலில் போய் உட்காருவது கம்பெனிக்காரர் மட்டுமில்லை. நேற்றுவரை அவளோடு தண்ணீர் பிடித்தவர்களும்தான். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்றால் கூலி நிற்கும், தவணை நிற்காது. வசூலுக்காக மிரட்டுவதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சட்டம் கம்பெனிக்காரரின் வாயை அடக்கலாம். தோழிகளுக்குள் விழுந்த விரிசலை அதனால் ஒட்டவைக்க முடியுமா?

நான் சொல்ல வருவது இதுதான். கடனைக் கட்டுவதற்காகப் பெண்களைச் சேர்க்கிற குழு ஊரெங்கும் இருக்கிறது. கூலியைக் கேட்பதற்காகப் பெண்கள் சேர்கிற கூட்டு இல்லை. அது இல்லாதவரை பொருளாதாரச் சுதந்திரம் என்று நமக்குக் கிடைப்பது, நம் பெயரில் கடன் வாங்கும் சுதந்திரம் மட்டும்தான்.

இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் அகமதாபாத்தைக் காட்டுங்கள். 1972இல் எலா பட்டும் அவரோடு இருந்த சுமைதூக்கும் பெண்களும் தெருவில் விற்கும் பெண்களும் 'சேவா' என்ற சங்கத்தைப் பதிவுசெய்யப் போனார்கள். "உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?" என்று தொழிலாளர் துறை தயங்கியது. சங்கம் என்பது முதலில் தொழிலாளர்கள் ஒன்றாவதற்கு என்று வாதாடிப் பதிவுசெய்தார்கள். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படம் அடையாளமானது. சங்கம் முதலில், வங்கி பிறகு. இந்த வரிசையைக் கவனியுங்கள். நாம் கடனில் தொடங்கினோம். அவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதில் தொடங்கினார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், நெய்த சேலை போய்ச்சேரும் கடைக்கே வாருங்கள். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்தார்கள். கோழிக்கோட்டில் தையல்காரரான விஜி பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. ஒரு ஸ்டூலுக்கு ஒரு சட்டம்! தனியொருத்தி கேட்டிருந்தால் அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள்.

ஆரணியில் எங்கிருந்து தொடங்கலாம்? பெரிய மாநாடு வேண்டாம். வாரம் ஒருமுறை குழு கூடுகிறதே, தவணைப் பணம் எண்ணி முடித்தபின் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு கேள்வி: இந்த வாரம் எத்தனை மணி நேரம் இழைத்தாய், தார் சுற்றினாய்? கூலி எவ்வளவு வந்தது? யார் கையில் வந்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் தெருவின் கூலி முழுக்கத் தெருவுக்குத் தெரிந்துவிடும். மௌனம் உடைந்தபின் அடுத்த கேள்விகள் தானாக வரும். சேலைக் கூலியில் இழைப்புக்கும் தாருக்கும் தனிக் கணக்கு ஏன் இல்லை? முதலாளியின் நோட்டில் என் பெயர் ஏன் இல்லை? கூட்டுறவுச் சங்கத்தில் நெய்கிற பெண்ணும் இழைக்கிற பெண்ணும் ஏன் உறுப்பினர் ஆகக் கூடாது? கைத்தறி நெசவுத் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறதே, அங்கே நான்கு பேராகச் சேர்ந்து போய் விண்ணப்பம் கேட்டால் என்ன? ஒருத்தி போனால் "நாளைக்கு வாம்மா" என்பார்கள். பத்துப் பேர் போனால் நாற்காலி போடுவார்கள்.

படிக்கிற தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. தறிச் சத்தத்திலிருந்து தப்பி செய்யாறு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் ஏறுகிறீர்கள். ஏறுங்கள். யாரும் உங்களைப் பாரம்பரியம் காக்கச் சொல்லித் தறியில் கட்டிவைக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் உங்கள் கணக்கில் உங்கள் பெயரில் சம்பளம் வரும். அம்மாவுக்குக் கிடைக்காதது அது. ஆனால் அத்தோடு கதை முடியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்பேசித் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் சம்பளம் இருந்தது, ஏடிஎம் அட்டை இருந்தது. சாப்பிடத் தகுந்த சோற்றை அந்த அட்டையால் வாங்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவளின் பெயர்தான் அன்று உதவியது. எனவே முதல் சம்பளம் வந்ததும் சேமிப்புக் கணக்கைப் பற்றி யோசியுங்கள்; பக்கத்தில் நின்று வேலை செய்கிறவள் எந்த ஊர், அவளுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்றும் கேளுங்கள்.

"யாரோடு, எதற்காக?" என்ற கேள்வியைக் காசு சேர்த்து முடித்தபின் கேட்கலாம் என்று ஒத்திப்போடுகிறவர்களுக்கு வசதி இருக்கிறது. தார் சுற்றும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு அந்தக் கேள்விதான் முதல் முதலீடு. கூலி கேட்கக் கூடுகிற பெண்களுக்கு நோக்கத்தை வெளியே தேட வேண்டியிருக்காது. துணையும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கும். காசும் அந்த வழியாகத்தான் வரும். வராமல் போனால் ஏன் வரவில்லை என்று சேர்ந்து கேட்க ஆள் இருக்கும்.

அடுத்த முறை யாராவது மேடையேறி "சொந்தக் காலில் நில்லுங்கள்" என்றால், கை தூக்கிக் கேளுங்கள்: எத்தனை பேராக?