கொடையாளர் நினைவும் கோரிக்கையாளர் மறதியும்

சமுதாயச் சீர்திருத்தம் என்றதும் நம் மனக்கண் முன் தனிமனிதர் ஒருவரின் உருவமே எழுகின்றது. சித்திலெப்பை, அறிஞர் அஸீஸ், சுவாமி விபுலாநந்தர் என்று பெயர்களை அடுக்கிவிட்டால் கதை முடிந்துவிட்டதாக எண்ணுகின்றோம். விழா மேடைக்கு இது போதும். வகுப்பறையிலும் இதுவே வரலாறாகிவிடுவதுதான் என்னை உறுத்துகின்றது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் என்னும் ஊரில் 1820களில் பருத்தி ஆலைகள் எழுந்தன. பண்ணைக் குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்களே அங்கு நூற்றனர், நெய்தனர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேர வேலை. 1834இலும் 1836இலும் அப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1845இல் சாரா பாக்லி என்னும் ஆலைத் தொழிலாளி, சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி, பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது எனச் சாட்சியம் அளித்தார். குழுவோ கைவிரித்துவிட்டது. பெண்களுக்கும் சிறுவர்க்குமான பத்து மணி நேரச் சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேறியது 1874இலேதான்! எனினும் கேட்டவர் யார் என்பது ஏட்டில் நிற்கின்றது.

கல்வியிலும் அவ்வாறே. பொதுப்பள்ளிகளின் தந்தை என ஹொறஸ் மானை உலகம் போற்றும். அவர் மாசசூசெட்ஸ் கல்விச் சபையின் செயலாளரானது 1837இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1828இல், பிலடெல்பியாத் தொழிலாளர் தமக்கெனக் கட்சி அமைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இலவசப் பள்ளி வேண்டும் எனக் கோரலாயினர். ‘நான் ஏழை’ என்று பதிந்துகொண்ட வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே அங்கு அதுவரை இலவசக் கல்வி கிடைத்தது. அந்தத் தருமத்தை அவர்கள் அவமானமாகக் கருதினர். பென்சில்வேனியாவில் 1834இல் பொதுப்பள்ளிச் சட்டம் வந்தது.

நம் கரைக்கு வருவோம். கல்முனையில் ஆலைப் புகைபோக்கி இல்லை. வயலும் கடலும், மருதமுனையில் கைத்தறியும் இருந்தன. இங்கே மாற்றத்துக்குக் காரணமானது போர். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஜப்பானியர் குண்டு வீசினர். உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டிக் கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவரே ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவர். நெல் விளைவிக்க வந்த உத்தியோகத்தரின் கண்ணில் பட்டது, கல்வியின் தரிசு. அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அந்த அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. 1948இல் பதவியையும் துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அங்குப் பணியாற்றினார். அரச உத்தியோகமே சுவர்க்கம் எனப்பட்ட காலத்தில் இது சிறிய துறவன்று.

அவர் புகழில் ஓர் எழுத்தும் குறைய வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்தில் தன் மகனை மாடு மேய்ப்பதிலிருந்து விடுவித்துப் பள்ளிக்கு அனுப்பிய வயற்காரர் எங்கே? போடியாரிடம் கடன் சொல்லிப் புத்தகம் வாங்கிக் கொடுத்த தாய் எங்கே? அவர்களின்றிச் சங்கம் யாருக்கு உதவியிருக்கும்? வாக்குரிமையும் இத்தகையதே. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்துக் கேட்டனர். 1931இல் இக்கரைப் பெண்களுக்கும் அது கிடைத்தது. கேட்கும் பழக்கம் மட்டும் அதனுடன் வந்து சேரவில்லை.

இதன் விளைவை இன்று காண்கின்றோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. பகற்பள்ளியின் வாயில் திறந்தே இருக்கின்றது. மாலை வகுப்பின் வாயிலில் கட்டணம் நிற்கின்றது. நம் ஊர்ச் சங்கங்களோ புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி, கிண்ணம் கொடுத்து, படம் பிடிக்கின்றன. வென்றவனுக்கே மேலும் ஒரு வெற்றி! சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறிய தறிகாரரின் மகளை எந்தச் சங்கம் அழைத்து விசாரித்தது? 1942இல் இக்கரைக்கு வந்த உத்தியோகத்தர் முதலில் கண்டது வென்றவர்களையன்று, வெளியே நின்றவர்களை. அவர் பெயரால் விழா எடுப்போர் இந்த ஒரு செய்தியை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் சம்மாந்துறையிலும் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி சென்றோர் சிலர் முதுமையில் இன்னும் வாழ்கின்றனர். யார் அவர்களை அனுப்பினார், எதை விற்று அனுப்பினார், கூடப் படித்த தங்கை எந்த வகுப்போடு நிறுத்தப்பட்டாள் என்பதை மாணவர்கள் சென்று கேட்டு எழுதி வரட்டும். சங்கங்களும் அடுத்த ஆண்டுப் பரிசுப் பணத்தில் பாதியையேனும் தவறியவர்களின் மறுதோற்றத்துக்கு ஒதுக்கட்டும். அதனைப் பெற வரும் பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடிக்காதிருக்கட்டும்.