நுவரெலியாவுக்கு அல்ல, மாத்தளைக்கு

மன்னார்த் தீவில் மலை கிடையாது. பள்ளிமுனையில் நின்று சுற்றிப் பார்த்தால் உயரமாய்த் தெரிவது பழைய பெருக்கமரமும் தேவாலயக் கோபுரமும்தான். இலையுதிர்காலமும் எங்களுக்கு இல்லை. கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்குவதற்கு இடையில் ஒக்டோபரில் கொஞ்ச நாள் கிடைக்கும், அதுதான். மலையும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வளர்ந்ததாலோ என்னவோ, ஸ்கூட்டர் வைத்திருக்கிற எங்கட வயசுக்காரர் நாலு பேர் கூடினால் கதை உடனே அங்கேதான் போகும்: "மலைப் பக்கம் ஒரு றைட் போவமா?"

இந்தமுறை திட்டம் கொஞ்சம் சீரியஸ். பன்னிரண்டு ஸ்கூட்டர். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு பின்னேரம் நுவரெலியா. றம்பொடை நீர்வீழ்ச்சியில் ஒரு படம், தேயிலைக்கு நடுவில் ஒரு படம், கிரகரி வாவியில் ஒரு படம். அடுத்த நாள் திரும்பி வருவது.

நான் இதற்கு எதிர். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படிப் போகவேண்டாம் என்கிறேன்.

முதலில் வாகனத்தைப் பற்றி. டியோவோ பெப்போ, எங்களிடம் இருப்பது 110 சிசிக்கு மேல் கீழ் என்று நிற்கிற சாமான்கள். ஸ்கூட்டரில் இறக்கத்தில் கியரைக் குறைத்து வண்டியை அடக்க முடியாது. அக்சிலேற்றரை முழுதாக விட்டு வேகமும் குறைந்துவிட்டால் கிளச் விட்டுவிடும். பிறகு வண்டி உருளும், பிரேக் மட்டும்தான் துணை. தட்டையான ஊரில் ஓடிப் பழகின கை, றம்பொடை வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும். ட்ரம் சூடாகினால் பிரேக் பிடிக்காது. களைத்துப்போய், இருட்டில், ஒக்டோபர் பின்னேர மழையில் இதைச் செய்யவேண்டுமா?

ஸ்கூட்டர் அவசரத்துக்குப் பிறந்த வாகனமும் இல்லை. குண்டு விழுந்து நொறுங்கின விமானத் தொழிற்சாலையை வைத்திருந்த பியாஜ்ஜோ கம்பனி, போர் முடிந்து 1946இல் இத்தாலியில் வெஸ்பாவை விட்டது. பாவாடை கட்டினவர்களும் ஏறலாம், உடுப்பில் எண்ணெய் படாது, உடைந்த றோட்டிலும் மெதுவாய்ப் போகலாம். எங்கட பக்கமும் 2009க்குப் பிறகுதானே லீசிங்கில் ஸ்கூட்டர் வந்து வீட்டு வாசலில் நின்றது? அக்காமார் வேலைக்குப் போனது, நாங்கள் ரியூசனுக்குப் போனது, மீன் வாங்கப் போனது, பூசைக்குப் போனது எல்லாம் அதில்தான். ஒரு தேவையும் இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் ஸ்கூட்டர் ஓடுவது எங்களுக்குப் புதுசு. முக்கியமாகப் பெட்டையளுக்கு. அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் போகிற றோட்டு எது என்று யோசித்தோமா? மன்னார்ப் பாலம் தாண்டி, உயிலங்குளம், முருங்கன், மடு வீதிச் சந்தி, செட்டிகுளம் பக்கம் (மெனிக் பாம் ஞாபகம் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும், அது வேற கட்டுரை), மதவாச்சி. பிறகு ஏ9இல் தெற்கே திரும்பி மிகிந்தலைப் பக்கத்தால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி. கூகுள் மெப் காட்டுகிற பாதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த சனம் நடந்த பாதையும் கிட்டத்தட்ட இதுதான்.

இராமநாதபுரம் கரையிலிருந்து வள்ளத்தில் வந்து தலைமன்னாரிலும் அதற்குத் தெற்கே உள்ள கரையிலும் இறங்கினார்கள். கங்காணி முன்னால். பின்னால் ஆம்பிளையள், பொம்பிளையள், தோளில் பிள்ளைகள். காடு, தண்ணீர் இல்லை, கொலரா, மலேரியா. விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். டொனோவன் மோல்ட்ரிச் இந்தக் கோப்பிக்காலத் தொழிலாளர்களைப் பற்றி 1989இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மாத்தளைக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம்தான் இன்றைய முத்துமாரியம்மன் கோவில் என்று அங்கே சொல்வார்கள்.

இன்னொன்று. கோப்பிப் பழம் பறிக்கிற காலம் ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை. நாங்கள் "சீசன் நல்லாயிருக்கும்" என்று தெரிவு செய்த அதே மாதங்கள். அவர்களுக்கும் அதுதான் சீசன்.

பிறகு கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்ததும் நடை ரயிலாக மாறியது. 1948இல் குடியுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். தேங்காய் பங்கு பிரிக்கிறதுபோல. அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு அதே தலைமன்னாருக்கு வந்த ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். அவர்கள் வந்ததும் மன்னாரால், போனதும் மன்னாரால். ஆனால் ஊருக்கு வருகிற ஆட்களுக்கு நாங்கள் காட்டுவது என்ன? பெருக்கமரம், கோட்டை, திருக்கேதீச்சரம், முத்துக்குளிப்புக் கதை. இந்த வழி நடந்தவர்களைப் பற்றி என்னுடைய பதின்மூன்று வருசப் பள்ளிக்கூடப் படிப்பில் மொத்தமாக ஒரு பந்தி வந்திருக்கும்.

2023இல் மலையகத்தின் 200 வருசத்தை நினைத்து 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. பதினாறு நாள். பள்ளிமுனையிலிருந்து மாத்தளைக்கு ஸ்கூட்டரில், நாற்பதில் ஓடினாலும், ஆறு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

இனி நான் உண்மையில் கோபப்படுகிற விசயம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை நீங்கள் எங்கே கேட்டிருப்பீர்கள்? மலையகத்தில் இல்லை. எங்கட வடக்கில், எங்கட வாய்களில். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சி, மன்னார் பெருநிலப் பக்கம் குடியேறின குடும்பங்களின் பிள்ளைகள் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். சண்டை வந்தால் முதலில் விழுகிற சொல் அது. சிரிப்பாகவும் விழும். அதைச் சொல்கிற வாயால்தான் "மலை சூப்பர் மச்சான், அந்தக் கிளைமேற்" என்கிறோம். அவர்கள் உண்டாக்கின பச்சை வேணும். அந்தச் சனம் படத்துக்கு உள்ளே கூடையோடு நின்றால் போதும்.

அந்தப் படத்தில் நிற்கிற அம்மாவின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆக 2021 வரை இழுபட்டது. 2024இல் 1350 என்றார்கள். எங்கட ஒரு ஸ்கூட்டர் நுவரெலியா போய்வருகிற பெற்றோல் செலவோடு கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, இதே மாதம், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை, கண்டி, நுவரெலியா முழுக்கச் சரிவுகள். நாங்கள் 'வியூ' என்கிற சரிவில்தான் ஆட்கள் படுத்து எழும்புகிறார்கள்.

என் சிநேகிதன் ஒருவன் கேட்டான்: "றைட் போறது சந்தோசத்துக்கு. அதுக்குள்ள ஏன் வரலாற்றுப் பாடம்?" நியாயமான கேள்வி. நானும் பஸ் பிடித்து நினைவுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லவில்லை. றோட்டு ஒன்றுதான், வேகத்தைக் குறை என்கிறேன். முருங்கனில் கட்டுக்கரைக் குளத்தைப் பார்த்தபடி ஒரு தேத்தண்ணி. மதவாச்சியில் சாப்பாடு. இரவு தம்புள்ளையில் தங்கல் (எங்களில் மூன்று பேர் பெட்டையள், "எங்க தங்குவீங்கள், ஆரோட?" என்று வீட்டில் கேட்பதற்கு இப்போதே பதில் வேணும்). அடுத்த நாள் நாலந்தாவுக்குப் பிறகு றோட்டு மெல்ல ஏறத் தொடங்கும், இரண்டு பக்கமும் மிளகுக் கொடியும் கொக்கோவும். தட்டை நிலத்தில் பிறந்தவனுக்கு அந்த முதல் ஏற்றமே போதும், நெஞ்சு நிறையும். மத்தியானத்துக்கு முன்னம் மாத்தளை. வண்டியை நிற்பாட்டி, கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது வயசான ஆளோடு கதைக்கலாம். "மன்னாரிலயிருந்து வாறம்" என்று சொன்னால் அவருக்கு அது வெறும் ஊர்ப்பெயராக இருக்காது என்று நினைக்கிறேன்.

குழுவாக ஓடுவதற்கு ஒரு சின்ன விதி: மெதுவான ஸ்கூட்டர் தலைவண்டிக்கு அடுத்ததாய் நிற்கவேணும். கடைசியில் விட்டால் அது தனித்துப்போகும், பிடிக்கப் பறக்கும். எங்கட குழுவில் அது ஒரு பழைய பெப். அதன் வேகம்தான் எல்லாருடைய வேகமும்.

இதுவரை பன்னிரண்டில் ஏழு பேர் மாத்தளைக்கு ஓம் என்றிருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் நுவரெலியாவில்தான் நிற்கினம். போகட்டும், ஆனால் மாத்தளையில் ஒரு இரவு கழித்து, அடுத்த நாள் வெளிச்சத்தில், பிரேக்கை ஒருமுறை பார்த்துவிட்டு.