போர்டு உட்காரட்டும்... வைத்தியம் நிற்க வேண்டாம்!



அரியர், காதல், இன்டர்வியூன்னு வர்ற லெட்டர்களுக்கு நடுவில் இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமா ஒண்ணு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் இருக்கிற வன்னியம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி எழுதியிருக்கிறார்.

"எங்க அண்ணன் மிலிட்டரியில சிப்பாய். ட்ரெயினிங்ல விழுந்து முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு. 'லோ மெடிக்கல் கேட்டகரி'னு போட்டு சிக் லீவுல அனுப்பியிருக்காங்க. திரும்பிப் போனதும் மெடிக்கல் போர்டாம். அப்பத்தா, எலும்பு வைத்தியர்கிட்ட கட்டுப் போடச் சொல்லுது. மாமா, 'இப்ப வைத்தியம் பார்த்துச் சரியாயிட்டா பென்ஷன் குறைஞ்சிடும், பேசாம இரு'ங்கிறார். அண்ணன் ராத்திரி வலியில தூங்க மாட்டேங்கிறான். நாங்க என்ன செய்யணும்?"

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிடறேன். வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. அதை ராணுவ மருத்துவமனைக்குத் தெரியாமலும் பார்க்கக் கூடாது. ஏன்னு பார்ப்போம்.

போர்டுன்னா என்ன?

ராணுவத்துல ஒருத்தரோட உடம்பை 'ஷேப்'னு அஞ்சு எழுத்துல அளக்கிறாங்க. எஸ் - மனநிலை, எச் - காது, ஏ - கை கால், பி - உடல்திறன், இ - கண். ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5 வரை கிரேடு. 1 வாங்கினா எங்கே வேணும்னாலும் அனுப்பலாம். 5 வாங்கினா வேலைக்கே தகுதியில்லை. உங்க அண்ணன் சிக்கியிருக்கிறது 'ஏ'யில. முதல்ல தற்காலிகமா கேட்டகரியை இறக்குவாங்க. சிகிச்சை கொடுத்து, சில மாசம் கழிச்சு மறுபடி போர்டு வைப்பாங்க. தேறினா கேட்டகரி ஏறும். தேறலைன்னா நிரந்தரமா இறங்கும். அப்படி இறங்கினாலும் பலர் ஆபீஸ், ஸ்டோர்னு இலகுவான டூட்டியில சர்வீஸை முடிக்கிறாங்க. வேறு வழியே இல்லாதப்பதான் 'இன்வாலிடிங் போர்டு' வைத்து வீட்டுக்கு அனுப்புவாங்க.

கவனிச்சீங்களா? ஒரு போர்டுக்கும் அடுத்த போர்டுக்கும் நடுவில இருக்கிற மாசங்கள் வைத்தியத்துக்காகவே கொடுக்கப்பட்டவை. அதுல சும்மா படுத்துக் கிடந்தா நஷ்டம் யாருக்கு?

மாமா போடுற கணக்கு

மாமா சொல்றது முழுப் பொய் இல்லை. ஊன சதவீதத்தை, போர்டு நடக்கிற அன்னைக்கு உடம்பு இருக்கிற நிலைமையை வச்சுத்தான் போடுவாங்க. ஆனா 100 சதவீத ஊனத்துக்கே, பென்ஷன்ல 'ஊனப் பங்கு' கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம்தான். கூடவே சர்வீஸ் பங்குன்னு ஒண்ணு உண்டு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, வேலையில நீடிச்சா வர்ற முழுச் சம்பளத்துக்குப் பக்கத்துல நிக்காது. சிப்பாய்க்கு 15 வருஷம் முடிஞ்சா சாதாரண பென்ஷனே வந்துடும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு முட்டி இன்னும் நாற்பது வருஷம் வேணுமே, அதை எந்தக் கணக்குல எழுதுறது?

இன்னொண்ணு. போர்டு ஃபாரத்துலயே, 'இவர் சிகிச்சையையோ ஆபரேஷனையோ மறுத்தாரா?'ன்னு ஒரு கேள்வி இருக்கு. நியாயமான காரணம் இல்லாம மறுத்திருந்தா பென்ஷன் குறையவும் இடமிருக்கு. ஆக, மாமாவோட யோசனை அவர் நினைச்சதுக்கு நேர் எதிரா முடியலாம்! ஆபரேஷன்னா பயமா இருக்கா? டாக்டர்கிட்ட கேளுங்க, ரெண்டாவது டாக்டர் கருத்தும் கேளுங்க. அதுல தப்பே இல்லை.

அப்பத்தாவுக்கு ஒரு வார்த்தை

அப்பத்தாவோட பாசம் புரியுது. ஆனா கிழிஞ்ச ஜவ்வு, முறிஞ்ச எலும்பு மாதிரி இல்லை. இழுத்து, அழுத்தி, தேய்ச்சா கிழிசல் பெரிசாகலாம். அப்புறம் போர்டுல, 'ட்ரெயினிங்ல பட்ட அடியா, லீவுல வந்த வினையா?'ன்னு ஒரு குழப்பமும் சேரும்.

லீவுல வலி கூடிட்டா, வன்னியம்பட்டியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியா திருவனந்தபுரம் பாங்கோட்டுல ராணுவ மருத்துவமனை இருக்கு. ராஜபாளையத்துல பொதிகை ஏறினா காலையில சென்னை, அங்கேயும் இருக்கு. எழுந்திரிக்கவே முடியாத அவசரம்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆனா அன்னைக்கே யூனிட்டுக்கும், பக்கத்து ராணுவ மருத்துவமனைக்கும் தகவல் போகணும். டாக்டர் சீட்டு, ஸ்கேன், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடக் கூடாது.

பேப்பர்தான் சாட்சி!

போர்டு ரெண்டு விஷயம் பார்க்கும். எவ்வளவு பாதிப்பு? அது சர்வீஸால வந்ததா, இல்லை சர்வீஸால மோசமானதா? ரெண்டாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு எழுதிட்டா, டிஸெபிலிட்டி பென்ஷன் கைநழுவிடும். அதனால விழுந்த அன்னைக்கு எழுதின இன்ஜுரி ரிப்போர்ட், எம்.ஐ. ரூம் சீட்டு இதெல்லாம் தங்கம். பல்லைக் கடிச்சு வலியை மறைச்ச வீரனுக்குத்தான் காகிதத்துல சாட்சி இருக்காது.

இதுக்கு உதாரணமா ஒரு பெரிய கேஸ் இருக்கு. தரம்வீர் சிங், 1985-ல் சிக்னல்ஸ் படையில சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய்னு 1994-ல் வெளியே அனுப்பினாங்க. 20 சதவீத ஊனம், ஆனா சர்வீஸுக்குச் சம்பந்தமில்லைன்னு பென்ஷன் மறுப்பு. 2013 ஜூலையில சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. சேரும்போது நோய்னு எந்தக் குறிப்பும் இல்லைன்னா, பிறகு வந்தது சர்வீஸால வந்ததுன்னுதான் எடுத்துக்கணும். இல்லைன்னு சொன்னா போர்டு காரணம் எழுதணும். சந்தேகம்னா அதோட பலன் சிப்பாய்க்குத்தான்னு சொன்னாங்க. பத்தொன்பது வருஷக் காத்திருப்பு!

2023 செப்டம்பர்ல புது விதிகள் வந்திருக்கு. அதனால உங்க அண்ணனுக்கு எந்த விதின்னு முதல்ல யூனிட்ல கேட்டுக்குங்க. போர்டு முடிவு தப்புன்னு பட்டா ஆறு மாசத்துக்குள்ள அப்பீல், அதுவும் பலிக்கலைன்னா சென்னையில ராணுவத் தீர்ப்பாயம். விருதுநகர்ல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல வழி கேட்கலாம்.

என்.சி.சி. பசங்களுக்கு...

இப்போ சேர்ற அக்னிவீர்களுக்குக் கணக்கு வேற. சர்வீஸால வந்த ஊனம்னா 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய். ஆக அவங்களுக்கும் அந்த ரெண்டாவது கேள்விதான் உயிர்.

ஆபீசர் ஆகப் போற கேடட்களோட நிலைமை இன்னும் கஷ்டம். ட்ரெயினிங்ல அடிபட்டு வெளியேறினா அவங்க 'முன்னாள் படைவீரர்' இல்லை, அதனால இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி கிடையாதுன்னு இருந்தது. 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் இதைத் தானாகவே கையில் எடுத்துச்சு. நீதிபதிகள் நாகரத்னாவும் மகாதேவனும் விசாரிச்சாங்க. அந்த மாசக் கடைசியிலேயே இ.சி.எச்.எஸ். வசதியை கேடட்களுக்கும் நீட்டிச்சாங்க. ஓ.டி.ஏ., என்.டி.ஏ.ன்னு கனவு காண்றவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

'ஷேப்'ல முதல் எழுத்தே மனசுக்குத்தான். தூக்கம் போச்சு, எரிச்சல் வருது, அழுகை வருதுன்னா அதுவும் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்தான். அதுல கோழைத்தனம் எதுவும் இல்லை.

முரளிகாந்த் பேட்கர் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. 1965 போர்ல குண்டடி பட்ட ராணுவ பாக்ஸர். இடுப்புக்குக் கீழே செயல் போச்சு. சிகிச்சையோட ஒரு பகுதியாத்தான் அவரைத் தண்ணிக்குள்ள இறக்கினாங்க. 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸ் நீச்சல்ல தங்கம்! எல்லாருக்கும் தங்கம் கிடைக்காதுதான். ஆனா வைத்தியத்தை நடுவில விட்டிருந்தா அவருக்கும் கிடைச்சிருக்காது.

தம்பி, லீவு முடியறதுக்குள்ள ஒரு வேலை பண்ணுங்க. அண்ணன்கிட்ட இருக்கிற எல்லாப் பேப்பரையும் தேதி வாரியா அடுக்கி, ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுங்க. ஒண்ணு அவர் பெட்டியில, ஒண்ணு உங்க பீரோவுல. பிசியோதெரபி பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தா தினமும் கூட நின்னு செய்ய வைங்க.

அடுத்த வாரம் சந்திப்போம் ப்ரெண்ட்ஸ்!