இடிக்கிற வீட்டுக்கு எதுக்குங்க வெள்ளை?

வீட்டை விற்க வேண்டுமென்றால் முதலில் அப்பா படத்தையும் அம்மா படத்தையும் கழற்ற வேண்டுமாம். "மாலை போட்ட போட்டோ கண்ணுல பட்டா வாங்குற சனம் யோசிக்குமுங்கக்கா. உள்ள எடுத்து வெச்சிருங்க" என்கிறார் புரோக்கர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் பக்கத்தில் நின்று அந்த மனுசன் கட்டின வீடு. அவர் ஆசாரத்துச் சுவரில் தொங்கினால் விலை இறங்கிவிடுமாம்!

படத்தோடு விட்டார்களா? எரவாரத்தில் பொங்கலுக்குக் கட்டின காப்பு காய்ந்து தொங்குகிறது, அதைப் பிடுங்கணும். பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டியிருப்பதைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஏதோ மந்திரிச்சுக் கட்டினது என்று நினைத்துக்கொள்வாராம். அட்டாலியில் இருக்கும் பித்தளை அண்டா கண்ணுக்குத் தெரியக் கூடாது. பொடக்காளியில் துணி காயக் கூடாது. குடியிருக்கிற வீட்டில் துணி காயாமல் வேறு என்ன காயும்?

பெங்களூரில் இருக்கும் மகள் தன் பங்குக்கு வீடியோ அனுப்புகிறாள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. 1970களில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அம்மா தொடங்கி வைத்தது என்கிறார்கள். குடும்பப் படங்களை எடு, சாமான்களைப் பாதியாகக் குறை, ஆள் வருவதற்கு முன் அடுப்பில் ரொட்டி சுட்டு வாசம் கிளப்பு. யாரும் அங்கே வாழ்ந்த தடயமே இருக்கக் கூடாது, வாங்க வருகிறவர் தன் வாழ்க்கையை அதில் வைத்துப் பார்க்கணும். அது அவர்கள் ஊர் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கோபிசெட்டிபாளையத்தில் நான் ரொட்டி சுட்டால் வருகிறவர், "பேக்கரிக்கு வாடகைக்கு விட்டிருந்தீங்களா?" என்றுதான் கேட்பார்.

வீட்டை ஜோடிப்பதில் எங்கள் ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொடிவேரியையும் வாய்க்காலையும் வயலையும் பார்த்துச் சினிமாக்காரர்கள் வந்து குவிந்ததில் சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர் வாங்கின ஊர் இது. நேற்று வரைக்கும் நெல்மூட்டை அடுக்கியிருந்த தொட்டிக்கட்டு வீடு, அவர்கள் கை பட்டால் பண்ணையார் பங்களாவாக நிற்கும். ஆனால் அவர்கள் தங்கள் செலவில் பெயிண்ட் அடித்து, வாடகையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே கதாநாயகன் வரும் வரைக்கும் செட்டுப் போடுகிற செலவு முழுக்க என் தலையில்.

அந்தப் பெயிண்ட் கதையைச் சொல்லியே ஆகணும். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் வீதியில் சுவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அடியிலிருந்து ஓதம் ஏறும். அப்பா காலத்தில் சுண்ணாம்புக் காரை பூசி, நோம்பிக்கு நோம்பி சுண்ணாம்பே அடித்தார்கள். ஏறின ஈரம் அதன் வழியாக வெளியே ஆவியாகிவிடும், சுவரும் பிழைத்துக்கொள்ளும். இப்போது அதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கச் சொல்கிறார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்துப் பெயிண்டைத் தள்ளும். அப்பளம் மாதிரி பொரிந்து உதிரும். இதைச் சொன்னால் புரோக்கர் சிரிக்கிறார். "அட்வான்ஸ் விழுகிற வரைக்கும் நின்னாப் போதுமுங்கக்கா!" பழையபடி சுண்ணாம்பே அடிக்கிறேன் என்றால், பார்க்கிறவருக்கு இல்லாதப்பட்ட வீடாகத் தெரியுமாம். கடைசியில் எமல்ஷன்தான் அடித்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குள் விற்றாக வேண்டும். நடுவில் ஆடி வந்தால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தோமே, வருகிறவர் சுவரைப் பார்க்கிறாரா? செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டே நுழைகிறார். ஈசானிய மூலையில் படிக்கட்டு இருக்கிறது, போச்சு. சமையல்கட்டு அக்னி மூலையில் இருக்கிறது, பரவாயில்லை. எதிர்ச் சந்து நேராக வந்து முட்டுவதால் தெருக்குத்து. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்கம்மிணி, நல்ல வீட்டை எதுக்கு விக்கிறீங்க?" என்பார். கடனா, சாவா, பேயா, மூன்றில் ஒன்றைச் சொன்னால்தான் நம்புவார் போலிருக்கிறது. பிள்ளைகள் ஊரில் இல்லை என்ற நிஜம் அவருக்குப் போதவில்லை.

பத்திரப் பேச்சு வந்தால் இன்னொரு கேள்வி. "பொட்டப்புள்ளைக எல்லாரும் கையெழுத்துப் போட்டுருவாங்களா?" நானும் அதில் ஒருத்திதான், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. இத்தனை வருசம் கழித்தும் அதை ஏதோ எங்கள் வீட்டு வில்லங்கம் மாதிரி விசாரிக்கிறார்கள்.

விலைக்கு வந்தால், "பத்திரச் செலவே ரூபாய்க்கு ஒம்பது காசு ஆகுதுங்க, குறைச்சுக்கோணும்." முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், கணக்கு சரிதான். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக்கட்டணம் 4 சதவீதமாக இருந்ததே, அது குறைந்தபோது எந்த வாங்குபவராவது விலையைக் கூட்டிக் கேட்டாரா? அடுத்து, கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் தருகிறேன் என்பார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை அளவுக்கே அபராதம் உண்டு. அது விழுவது கை நீட்டி வாங்கின என் மேல், கொடுத்தவர் மேல் இல்லை.

போன வாரம் வந்தவர் ஒருத்தர் மூலையையும் பார்க்கவில்லை, திசையையும் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. சென்ட் எத்தனை, முன்பக்கம் எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு, புது எமல்ஷன் சுவரில் கையை ஊன்றி நின்றார். "எடம் புடிச்சிருக்குதுங்க. வீட்டுக்குன்னு தனியா ஒண்ணும் போட முடியாது. இடிச்சுக் கொட்டுற செலவை மட்டும் விலையில கழிச்சுக்குங்க." உள்ளே இருப்பது தேக்கு நிலவு, தேக்கு உத்திரம். இடிக்கிற காண்ட்ராக்ட்காரரே காசு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் காசு அவருக்கு, இடிக்கிற கூலி எனக்காம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவோடு வருகிறாராம். வாசலுக்கு இன்னொரு கோட்டிங் அடித்துவிடலாமா என்று புரோக்கர் கேட்கிறார்.